குமாஸ்தா எழுதிய பட்டியல்

வணக்கம் ஐயா,

ஜூன் விடுமுறையில் குடும்பத்தோடு ஆம்ஸ்டர்டாம் போயிருந்தபோது ஓவியர் ரெம்பிராண்ட் வாழ்ந்த வீட்டைப் பார்த்தோம். டிக்கெட் வாங்கி உள்ளே போனால், அங்கே இருக்கும் கட்டில், நாற்காலி, அடுப்படிச் சாமான் எதுவுமே அவருடையது இல்லையாம். எல்லாம் 1999வாக்கில் சேர்த்து வைத்தவை என்றார்கள். எனக்கு ஏமாந்துபோன மாதிரி இருந்தது. இதை 'ரெம்பிராண்ட் வீடு' என்று சொல்வது சரியா? அவர் ஊதாரித்தனத்தால்தான் வீட்டை இழந்தாரா? சிங்கப்பூரில் ஏன் நாம் ஓவியர் வீடுகளைக் கொண்டாடுவதில்லை? லிட்டில் இந்தியா பக்கம், தேக்காவில் கெர்பாவ் சாலையில் இருக்கிற அந்த வண்ண வண்ண வீட்டையாவது ஓவியர் இல்லமாக்கலாமே?

அம்மாவின் குவீன்ஸ்டவுன் வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். அந்த அலைச்சலில் எழுதியதால் கடிதம் கோர்வையாக இல்லாவிட்டால் மன்னிக்கவும்.

ஆர்., சிங்கப்பூர்

*

அன்புள்ள ஆர்.,

வழக்கமாக நான் பதில் எழுத ஒரு மாதம் ஆகும். உங்களுக்கு அன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன். காரணம், இரண்டு மாதமாக நானும் ஒரு வீட்டைப் பற்றி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் சின்னக் கேள்விகளை முடித்துவிடலாம்.

கெர்பாவ் சாலை வீடு டான் டெங் நியா என்ற சீன வணிகருடையது. மிட்டாய்த் தொழில் செய்தவர். 1900இல் கட்டிய வீடு. லிட்டில் இந்தியாவில் மிஞ்சி நிற்கும் கடைசிச் சீன மாளிகை அது. நீங்கள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும் அந்த வானவில் நிறமெல்லாம் 1980களில் புதுப்பித்த பிறகு வந்தது. சுவரில் நிறைய நிறம் இருந்தால் அது ஓவியர் வீடாகிவிடுமா? மிட்டாய்க்காரருக்கும் ஒரு வாழ்க்கை உண்டு. அதைப் பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுக்கச் சொல்லாதீர்கள்.

ரெம்பிராண்ட் ஊதாரியா என்ற கேள்விக்குள் நான் போக விரும்பவில்லை. ஏலத்துக்குப் போனால் கை சும்மா இருக்காது அவருக்கு. உண்மைதான். ஆனால் தவணைக்கு வீடு வாங்கி, அதைக் கட்ட முடியாமல் திணறிய ஒரு மனிதரை, இருபத்தைந்து வருட வீட்டுக் கடனோடு வாழும் நாம் அந்தச் சொல்லால் அழைக்கக் கூடாது.

சிங்கப்பூர் ஓவியர்கள் என்றால், சிக்லாப்பில் வாழ்ந்த ஜார்ஜெட் சென் இருக்கிறார். 1954 முதல் நன்யாங் நுண்கலைக் கழகத்தில் கற்பித்தவர், 1993இல் இறந்தார். அவர் வீட்டைத் தேடிப் போக வேண்டாம். தேசிய கலைக்கூடத்துக்குப் போய் அவர் வரைந்த ரம்புத்தானையும் கூடைகளையும் மேசை விரிப்புகளையும் பாருங்கள். தன் வீட்டில் என்ன இருந்தது என்று அவரே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இப்போது 'ஏமாந்துபோன மாதிரி' என்று எழுதினீர்களே, அதற்கு வருகிறேன். அங்கேதான் எனக்குக் கோபம்.

அந்த வீடு ஆம்ஸ்டர்டாமின் யோடன்பிரே தெருவில் 1606 வாக்கில் எழும்பியது. ரெம்பிராண்ட் லைடன் நகரில் பிறந்ததும் அதே 1606தான். இருபது வருடம் கழித்து அதற்கு இன்னொரு மாடி ஏற்றி முகப்பையே மாற்றினார்கள். அந்த ஊர் வீடுகளின் உச்சி அப்போதெல்லாம் படிக்கட்டு மாதிரி இரண்டு பக்கமும் ஏறிப்போகும். இந்த வீட்டுக்கு மட்டும் கிரேக்கக் கோயில் போல முக்கோண நெற்றி வைத்தார்கள். பிற்பாடு நகர மண்டபத்தையே கட்டிய யாக்கோப் ஃபான் காம்பனின் கை அதில் இருந்திருக்கும் என்பது கட்டடக்கலை அறிந்தவர்கள் கணிப்பு. ஆக, ரெம்பிராண்ட் 1639இல் 13,000 கில்டருக்கு (அந்த நாட்டுப் பழைய நாணயம்) விலை பேசியபோது அது அந்தத் தெருவில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற வீடு. அவருக்கு வயது முப்பத்திரண்டு. அங்கேதான் மகன் டைட்டஸ் பிறந்தான். அடுத்த வருடம், 1642இல், அங்கேதான் மனைவி சாஸ்கியா கண்ணை மூடினாள். 'இரவுக் காவல்' ஓவியத்தை அவர் முடித்த வருடமும் அதுதான்.

அசலும் வட்டியும் ஏறிக்கொண்டே போய் 1656இல் கையை விரித்துவிட்டார். அந்த ஜூலையில் திவால் சொத்துகளைக் கவனிக்கும் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, வீட்டில் இருப்பதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதினார்கள். மொத்தம் 363 பதிவுகள். 1658இல் வீடு பதினோராயிரத்துச் சொச்சம் கில்டருக்குப் போனது. ரெம்பிராண்ட் ரோஸன்கிராக்ட்டில் வாடகை வீட்டுக்குப் போனார். 1669இல் இறந்தார். வெஸ்டர்கெர்க் தேவாலயத்தில் ஒரு வாடகைக் குழியில் புதைத்தார்கள். எந்த இடம் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது.

வீடு அதற்குப் பிறகு பட்ட பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டாகத் தடுத்தார்கள், கை மாறியது, உள்ளே இருந்ததெல்லாம் போயிற்று. அவருடைய முந்நூறாவது பிறந்த ஆண்டையொட்டி, 1907இல், நகராட்சி அதை வாங்கியது. டி பாஸல் என்ற கட்டடக்கலைஞர் சீர்படுத்தினார். 1911இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். டி பாஸல் பழைய அறைகளைப் போலி செய்ய முயலவில்லை. ரெம்பிராண்டின் அச்சுப்படங்களை மாட்டுவதற்கு ஏற்ற, தன் காலத்து அறைகளாகவே உள்ளே அமைத்தார். நீங்கள் கேட்ட நேர்மை அது. எண்பது வருடத்துக்கு மேல் அப்படித்தான் இருந்தது. 1998இல் பக்கத்தில் புதுக் கட்டடம் வந்து அச்சுப்படங்கள் அங்கே இடம் மாறிய பிறகுதான், பழைய வீட்டை 1650களில் இருந்தபடி மறுபடி அமைக்கத் துணிந்தார்கள்.

எதை வைத்துத் துணிந்தார்கள்? கடன்காரர்களுக்காக எழுதிய அந்தப் பட்டியலை வைத்து.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்தக் குமாஸ்தா ஓவியத்துக்காக வரவில்லை. எதை விற்றால் என்ன தேறும் என்று பார்க்க வந்தவர். வாசல் கூடத்தில் ஆரம்பித்தார். சுவரில் என்னென்ன படம், எத்தனை தோல் நாற்காலி, எல்லாம் எழுதினார். அப்புறம் பக்கத்து அறை, அதற்கப்புறம் பின்னறை, மாடியில் கலைப்பொருள் அறை, ஓவியக்கூடங்கள், அடுப்படி என்று ஒவ்வோர் அறையாகத் தலைப்புப் போட்டு எழுதிக்கொண்டே நடந்தார். அவர் நடந்த வரிசையே வீட்டின் வரைபடமாகிவிட்டது. எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போகலாம், எதில் படுக்கை, எதில் மேசை என்பதை 340 வருடம் கழித்துப் படித்தவர்கள் அவர் காலடியைப் பின்பற்றியே கண்டுபிடித்தார்கள். அவரோடு ரெம்பிராண்டின் சித்திரங்களையும், பழைய சுவரில் மிச்சமிருந்த தடயங்களையும் சேர்த்துப் பார்த்தார்கள்.

அந்தக் கலைப்பொருள் அறையில் என்ன இல்லை! ரோமானியப் பேரரசர்களின் தலைச் சிற்பங்கள், பூகோள உருண்டைகள், சங்கு, சிப்பி, ஆயுதங்கள். நுண்சித்திரங்கள் நிறைந்த ஒரு தொகுப்பும் இருந்தது. அதே காலத்தில்தான் ரெம்பிராண்ட் முகலாயச் சித்திரங்களைப் பார்த்து ஜப்பானியத் தாளில் பேனாவால் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார். ஷாஜகான் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட படங்கள் இன்றும் இருக்கின்றன. நம் பக்கத்துக் கை ஒன்று போட்ட கோட்டை ஆம்ஸ்டர்டாம் மாடியறையில் அவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு விம்மும். சரி, அது வேறு கதை.

எனக்கு அந்தப் பட்டியலில் உயிரான இடம் கடைசிப் பகுதி. அடுப்படியை எழுதி முடித்த பிறகு, துணிமணி என்று ஒரு தலைப்பு. 'வெளுக்கப் போயிருப்பதாகச் சொல்கிறார்கள்' என்று குறித்துவிட்டு எழுதுகிறார்: மூன்று ஆண் சட்டை, ஆறு கைக்குட்டை, பன்னிரண்டு துடைதுணி, மூன்று மேசை விரிப்பு, சில கழுத்துப் பட்டைகள். வீடே போகப் போகிறது. சட்டை மூன்றும் எங்கோ புல்வெளியில் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது. கண்ணால் பார்க்காததைக் கூட அந்த மனிதர் விடவில்லை.

இவ்வளவு கவனத்தோடு எழுதிய ஒன்றை, இவ்வளவு பொறுமையோடு படித்து, அதில் சொன்ன இடத்தில் சொன்ன மாதிரி ஒரு நாற்காலியைத் தேடி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு 'இது அவர் உட்கார்ந்த நாற்காலி இல்லையே' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அந்த வீட்டில் மாற்ற முடியாத அசல் ஒன்று இருந்ததே, அதைக் கவனித்தீர்களா? அந்தக் குறுகலான சுழல் படியில் ஏறி மாடி முன்னறைக்குப் போனீர்கள்தானே? அங்கே பெரிய சன்னல்கள் வடக்குப் பார்த்து இருக்கும். வெயில் நேராக விழாது. காலையிலும் மாலையிலும் ஒரே சீரான வெளிச்சம். அவர் படம் வரைந்தது அங்கேதான். அந்த வெளிச்சத்தை யாரும் செய்து வைக்கவில்லை அம்மா. அது 1639இல் எப்படி வந்ததோ அப்படியேதான் இன்றும் வருகிறது.

இந்த வடக்கு வெளிச்சம் நம் ஊரில் செல்லாது. பூமத்திய ரேகைக்கு ஒரு பாகைக்குச் சற்று மேலே இருக்கிறோம். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி தாண்டும் வரை சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். வடக்குச் சன்னலை நம்பி உட்கார்ந்தால் ஜூன் மாதத்தில் வெயில் முகத்தில் அடிக்கும். இதை எனக்குச் சொன்னவர் என் பெரியப்பா. பள்ளிக்கூடத்தில் இதை யாரும் சொல்லித் தரவில்லை.

பெரியப்பா போர்டு எழுதுகிறவர். கிளைவ் தெருவில் ஒரு கடைவீட்டின் மாடியில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தார். கடைவீடு தெரியும்தானே, அகலம் கொஞ்சம், ஆழம் அதிகம், முன்னால் ஆங்கிலேய ஆட்சியாளர் ராஃபிள்ஸ் 1822 நகரத் திட்டத்தில் கட்டாயமாக்கிய அந்த ஐந்தடி நடைபாதை. இரண்டு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர் என்பதால் பக்கச் சன்னலுக்கு வழியில்லை. நடுவில் வானத்தைப் பார்த்த ஒரு முற்றம் விட்டிருப்பார்கள். வெளிச்சமும் காற்றும் மழையும் அது வழியாகத்தான். பெரியப்பா அந்த முற்றத்தின் மேல்விளிம்பில் பலகையைச் சாய்த்து வைத்து எழுதுவார். எதிர்ச் சுவர் வெள்ளையடித்தது. வெயில் அதில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சம்தான் அவருக்கு வேண்டும். ஒருமுறை வீட்டுக்காரர் அந்தச் சுவருக்கு மஞ்சள் அடித்துவிட்டார். பெரியப்பா தன் செலவில் சுண்ணாம்பு வாங்கி மறுபடி வெள்ளையாக்கினார்.

அவர் எழுதும் முறையை நான் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்திருக்கிறேன். சிமெண்டுப் பைத் தாளில் எழுத்தை முழு அளவில் வரைந்து, கோட்டின் மேலேயே ஊசியால் நெருக்க நெருக்கமாகக் குத்தியிருப்பார். தாளைப் பலகையில் ஒட்டி, கரித்தூள் கட்டிய துணி முடிச்சால் தட்டுவார். தாளை எடுத்தால் பலகையில் புள்ளி புள்ளியாக எழுத்து நிற்கும், வாசலில் வைத்த கோலப் புள்ளி மாதிரி. அப்புறம் எனாமல். நுனியில் துணி சுற்றிய மூங்கில் குச்சியைப் பலகையில் ஊன்றி, வலது மணிக்கட்டை அதன்மேல் சாய்த்து, மூச்சை அடக்கி ஒரே இழுப்பு. பூக்கடைகளுக்கு எழுதும் 'மாலை'யில் அந்த 'லை' இருக்கிறதே, பழைய எழுத்து, முன்னால் யானைத் துதிக்கை போல வளைந்து தூக்கும். அதைப் பாதியில் நிறுத்தாமல் இழுத்தால்தான் துதிக்கை, நிறுத்தினால் அது வெறும் கொம்பு என்பார். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்தைச் சீர்திருத்தி, அது மெல்ல இங்கேயும் வந்தபோது அவர் புதுத் தாள்கள் வெட்டினார். பழைய தாள்களை எறியவில்லை. சுருட்டி, மைலோ டின்களில் நிறுத்தி வைத்திருந்தார்.

1986இல் மருத்துவமனையில் இறந்தார். மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். பெரியப்பா மகள், என் அக்கா, அப்போது நிறைமாதம். எனக்கு இருபத்து மூன்று வயது. நான்தான் போனேன். ஒரே பகலில் முடித்தேன். பழைய சாமான் வாங்கும் காராங் குனிக்காரரைக் கூப்பிட்டேன். எல்லாவற்றுக்குமாகப் பன்னிரண்டு வெள்ளி கொடுத்தார். தாள் சுருள்களைப் பழைய காகிதத்தோடு நானே கட்டிக் கொடுத்தேன். எத்தனை சுருள் என்று எண்ணவில்லை. ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை. எனக்கு வேலைக்குத் திரும்ப வேண்டிய அவசரம். அந்த ஒரு பகல் என் வாழ்க்கையில் மறுபடி கிடைத்தால் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

லிட்டில் இந்தியாவை 1989இல் மரபுப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தார்கள். கிளைவ் தெருக் கடைவீடு நன்றாகவே நிற்கிறது. ஓடு, சன்னல் கதவு, முகப்பு எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. சுவரைக் காப்பாற்றியவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள். உள்ளே என்ன இருந்தது என்பதை எழுத வேண்டியவன் நான். எழுதவில்லை. ரெம்பிராண்டைக் கடனாளியாக்கியவர்களுக்கு இருந்த கவனம், பெரியப்பா தோளில் தூக்கி வளர்த்த எனக்கு இருக்கவில்லை.

அதைத்தான் இந்த இரண்டு மாதமாக நோட்டில் எழுதுகிறேன். முதல் பதிவு, மாடிப்படி மேலே செருப்பு விடும் பலகை. இரண்டாவது, ஒரு கால் குட்டையான ஸ்டூல், அதற்கு அடியில் நான்காக மடித்த காலண்டர் அட்டை. மூன்றாவது, மண்ணெண்ணெய் அடுப்பு. டர்பன்டைன் போத்தல், வாய்க்குத் துணி அடைத்தது. கைப்பிடி போன பித்தளைச் செம்பில் பிரஷ்கள். முருகன் படம், அதன் சட்டத்தைப் பெரியப்பாவே தங்க நிறம் தீட்டியது. இப்படி நாற்பது வரை வந்துவிட்டேன். நாற்பதில் எத்தனை சரி என்று தெரியாது. சில ராத்திரி ஒரு பொருளை எழுதிவிட்டு, அது பெரியப்பா அறையில் இருந்ததா எங்கள் வீட்டில் இருந்ததா என்று தூக்கம் வராமல் கிடக்கிறேன்.

இப்போது சொல்லுங்கள். 350 வருடத்துக்கு முந்தைய நாற்காலி அசல் இல்லை என்று வருத்தப்பட்டு எனக்கு எழுதினீர்கள். குவீன்ஸ்டவுனில் உங்கள் அம்மாவின் வீட்டில் இருக்கும் ஒவ்வொன்றும் அசல். அதைப் பெட்டியில் போட்டு டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அதற்காக ஒரு வரி, அதுவும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு! உங்கள் கடிதத்தில் நான் மூன்று முறை படித்தது அந்த வரியைத்தான்.

பெட்டி கட்டுவதை ஒரு நாள் நிறுத்துங்கள். கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன் என்று சொல்லாதீர்கள். படத்துக்கு அந்தக் கிண்ணம் யார் கல்யாணத்தில் வந்தது என்று தெரியாது. ஒரு நோட்டு எடுத்து, வாசல் கேட்டிலிருந்து ஆரம்பித்து, அறை அறையாக நடந்து எழுதுங்கள். அம்மா பின்னாலேயே வரட்டும். அவர் எதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரோ அதையே எழுதுங்கள், திருத்தாதீர்கள். உடைந்தது, துருப்பிடித்தது, மூடி தொலைந்தது எல்லாம் வேண்டும். தையற்கடையில் கொடுத்திருக்கும் ரவிக்கை இருந்தால் அதுவும் வேண்டும். அடுப்படிக்கு மட்டும் ஒரு முழு நாள் வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சன்னலில் எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது என்பதை அம்மாவிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும்.

நீங்கள் கேட்ட முதல் கேள்விக்குப் பதில், சரிதான். அதை ரெம்பிராண்ட் வீடு என்று தாராளமாகச் சொல்லலாம்.

நேற்று ராத்திரி உட்லண்ட்ஸில் இருக்கும் அக்காவுக்கு ஃபோன் செய்து என் பட்டியல் முழுவதையும் படித்துக் காட்டினேன். ஸ்டூலுக்குக் கீழே வைத்தது காலண்டர் அட்டை இல்லை, பிஸ்கட் டின்னின் மூடி என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. 'தெருப் பக்கத்துச் சன்னலில் மூங்கில் கழியில் அப்பா சட்டை காய்ந்துகொண்டிருந்ததே, அதை எழுதினாயா?' என்று கேட்டாள். மருத்துவமனைக்குப் போன அன்று காலையில் துவைத்துப் போட்டுவிட்டுப் போனாராம். அரைக்கை நீலச் சட்டை என்றாள். எனக்கு அது வெள்ளையாகத்தான் நினைவிருக்கிறது. நாற்பத்தொன்றாவது பதிவாக இரண்டு நிறத்தையும் எழுதி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் எழுத்தாளன்